முதல் பெயரும் கடைசிப் பெயரும்: மருத்துவ ஆய்வில் பெண்களின் இடம்

மருத்துவ ஆய்வுக் கட்டுரை ஒன்றைப் படிக்கும் பொதுவாசகர் தலைப்பைப் பார்ப்பார், முடிவைப் பார்ப்பார், தலைப்புக்குக் கீழே நீளும் பெயர் வரிசையைத் தாண்டிப் போய்விடுவார். துறைக்குள் இருப்பவர்கள் முதலில் பார்ப்பதே அந்த வரிசையைத்தான். மருத்துவத்தில் அந்த வரிசைக்கு எழுதப்படாத ஓர் இலக்கணம் இருக்கிறது. முதல் பெயர், வேலையின் பெரும்பங்கைச் செய்து கட்டுரையை எழுதியவருடையது. அவர் பெரும்பாலும் இளையவராக இருப்பார். கடைசிப் பெயர், நிதி கொண்டுவந்து ஆய்வை வழிநடத்திய மூத்தவருடையது. நடுவில் இருப்பவர்கள் எத்தனை பேரானாலும் அவர்களின் பங்கு என்ன என்று யாரும் கேட்பதில்லை.

இந்த இடங்களுக்கு ரொக்க மதிப்பும் உண்டு. மருத்துவக் கல்லூரி ஆசிரியர்களின் பதவி உயர்வுக்கு எந்தக் கட்டுரைகளைக் கணக்கில் எடுப்பது என்று 2015-இல் இந்திய மருத்துவக் கவுன்சில் விளக்கம் கொடுத்தபோது, முதல் இரண்டு பெயர்களுக்கு மட்டுமே மதிப்பு என்றது. மூன்றாவது பெயராக இருந்தவர் அந்தக் கட்டுரைக்காக எவ்வளவு உழைத்திருந்தாலும், பதவி உயர்வுக் கோப்பில் அது இல்லாத கட்டுரைதான். எதிர்ப்பு எழுந்து விதிகள் பின்னால் மாறின. ஆனாலும் வரிசையில் உள்ள இடமே வேலையும் சம்பளமும் என்ற நிலை மாறவில்லை. ஆகவே, பெண்கள் மருத்துவ ஆய்வில் இருக்கிறார்களா என்று மட்டும் கேட்டால் போதாது. அவர்களின் பெயர் எங்கே நிற்கிறது என்று கேட்க வேண்டும்.

இந்தக் கேள்வியை எண்ணிக்கையோடு கேட்ட முக்கியமான ஆய்வு 2006-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. ரேஷ்மா ஜாக்சி என்ற புற்றுநோய்க் கதிரியக்க மருத்துவரும் அவருடைய சகாக்களும் ஆறு முன்னணி இதழ்களின் 35 ஆண்டுக் கட்டுரைகளை எடுத்து, அமெரிக்க நிறுவனங்களைச் சேர்ந்த மருத்துவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்று பார்த்தார்கள். 1970-இல் முதல் பெயர்களில் 5.9 சதவீதம் பெண்கள், 2004-இல் 29.3 சதவீதம். கடைசிப் பெயர்களில் 3.7 சதவீதமாக இருந்தது 19.3 ஆகியிருந்தது. ஐந்து மடங்கு வளர்ச்சி என்பது சிறிய சாதனை இல்லை. ஆனால் அதே கணக்கு இன்னொன்றையும் காட்டியது: இளையவரின் இடத்துக்கும் மூத்தவரின் இடத்துக்கும் நடுவே பெண்களில் ஒரு பகுதியினர் காணாமல் போகிறார்கள்.

காலம் எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்ற பதில் அப்போதே தயாராக இருந்தது. இப்போது மருத்துவக் கல்லூரிக்குள் வரும் பெண்கள் இருபது ஆண்டுகளில் பேராசிரியர்களாக, ஆய்வுத் தலைவர்களாக மேலே வந்துவிடுவார்கள், பொறுத்திருங்கள் என்பது அதன் சாரம். இந்தப் பதிலைச் சோதித்துப் பார்க்கப் போதுமான ஆண்டுகள் ஓடிவிட்டன. ஜியோவானி ஃபிலார்டோ குழுவினர் ஆறு பொதுமருத்துவ இதழ்களை 1994 முதல் 2014 வரை ஆராய்ந்து 2016-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழான பிஎம்ஜேயில் வெளியிட்டார்கள். முதல் பெயர்களில் பெண்கள் 27 சதவீதத்திலிருந்து 37 சதவீதத்துக்கு உயர்ந்திருந்தார்கள். ஆனால் 2009-க்குப் பிறகு ஏற்றம் நின்றுவிட்டது. நியூ இங்கிலாந்து ஜர்னலில் இறக்கமே தெரிந்தது. கல்லூரி வாசலில் பெண்கள் கூடிக்கொண்டே இருந்த காலம் அது. 2017-இல் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் புதிதாகச் சேர்ந்தவர்களில் பெண்கள் முதல்முறையாகப் பாதியைத் தாண்டினார்கள்.

பதவிகளிலும் இதே கதைதான். 1979 முதல் 2013 வரை அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் பட்டம் பெற்றவர்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2020-இல் வெளிவந்தது. பேராசிரியராகவோ துறைத்தலைவராகவோ உயரும் வாய்ப்பு பெண்களுக்குக் குறைவாகவே இருந்தது. பிந்தைய ஆண்டுகளில் பட்டம் பெற்றவர்களிடம்கூட அந்த இடைவெளி சுருங்கவில்லை. 35 ஆண்டுகள் பொறுத்திருந்த பிறகும் பொறுமையே மருந்து என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

அப்படியானால் எங்கே தடுக்கிறது? இதழ்கள் பெண்களின் கட்டுரைகளை வேண்டுமென்றே நிராகரிக்கின்றன என்பதுதான் முதலில் தோன்றும் விடை. சான்றுகள் அதற்கு ஆதரவாக இல்லை. 145 ஆய்விதழ்களின் உள்பதிவுகளை ஆராய்ந்து 2021-இல் வெளிவந்த பெரிய ஆய்வில், மதிப்பீட்டுக்கு வந்துசேர்ந்த கட்டுரைகளைப் பொறுத்தவரை பெண்களுக்கு எதிரான பாரபட்சம் தெரியவில்லை. மருத்துவம் சார்ந்த இதழ்களும் அந்த 145-இல் அடக்கம். இந்த முடிவை மறைத்துவிட்டு இந்தப் பிரச்சினையைப் பேசுவது நேர்மையாகாது. கட்டுரை மேசைக்கு வந்துவிட்டால் பெரும்பாலும் நியாயமாகவே படிக்கப்படுகிறது. பிரச்சினை அது மேசைக்கு வருவதற்கு முன்னும், அச்சான பின்னும்தான் இருக்கிறது.

முதலில், பெயர் சேர்ப்பது. 2022-இல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வு, அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஆய்வு நிதியிலிருந்து யார் யாருக்குச் சம்பளம் போனது என்ற பதிவுகளை எடுத்து, அந்தக் குழுக்கள் வெளியிட்ட கட்டுரைகளோடு ஒப்பிட்டது. ஒரே குழுவில் வேலை செய்தவர்களில், கட்டுரையில் பெயர் வரும் வாய்ப்பு பெண்களுக்கு ஏறத்தாழ 13 சதவீதம் குறைவு. காப்புரிமைகளில் 58 சதவீதம் குறைவு. இதுவரை வந்த கணக்குகள் எல்லாம் அச்சான பெயர்களை எண்ணியவை. அச்சாகாத பெயர்களை எண்ணியது இந்த ஆய்வு. அதனால்தான் இதை நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன்.

அடுத்து, நிதி. கடைசிப் பெயராக நிற்க வேண்டுமானால் நிதி வேண்டும். கனடாவின் சுகாதார ஆய்வு நிதி நிறுவனம் 2014-இல் தன் திட்டத்தை இரண்டாகப் பிரித்தது. ஒன்றில் மதிப்பீட்டாளர்கள் முதன்மையாக ஆய்வின் தரத்தைப் பார்க்க வேண்டும். இன்னொன்றில் ஆய்வாளரின் தகுதியைப் பார்க்க வேண்டும். இந்த மாற்றம் தற்செயலாக ஒரு நல்ல பரிசோதனையாக அமைந்துவிட்டது. ஹோலி விட்டமனும் அவருடைய சகாக்களும் சுமார் 24,000 விண்ணப்பங்களை ஆராய்ந்து 2019-இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். ஆய்வை மதிப்பிட்ட இடத்தில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடையிலான வெற்றி வித்தியாசம் 0.9 சதவீதப் புள்ளி. ஆளை மதிப்பிட்ட இடத்தில் 4 சதவீதப் புள்ளி. மொத்த விண்ணப்பங்களில் 15.8 சதவீதம் மட்டுமே வெற்றிபெறும் போட்டியில் 4 புள்ளி என்பது ஒரு வாழ்க்கையைத் திசைமாற்றக்கூடியது. தாளில் உள்ள யோசனையைப் படிக்கச் சொன்னபோது ஏறத்தாழ சமமாக நடந்துகொண்டவர்கள், "இவர் தலைவராகத் தகுந்தவரா" என்று கேட்டபோது அப்படி நடந்துகொள்ளவில்லை.

மூன்றாவது, அழைப்பு. ஆய்விதழ்களில் எல்லாமே அனுப்பி வருவதில்லை. ஒரு முக்கிய ஆய்வு அச்சாகும்போது, அதன் பொருளை விளக்கிப் பக்கத்திலேயே ஒரு கருத்துரை வரும். அதை எழுதச் சொல்லி இதழே ஒருவரை அழைக்கிறது. துறையில் யார் சொல்லுக்கு எடை என்பதை இளம் மருத்துவர்கள் கற்றுக்கொள்வது இந்தப் பக்கங்களிலிருந்துதான். 2,459 மருத்துவ இதழ்களை ஆராய்ந்த 2019-ஆம் ஆண்டு ஆய்வின்படி, ஒரே துறை அறிவும் ஒரே அளவு அனுபவமும் வெளியீடுகளும் கொண்ட ஆணையும் பெண்ணையும் ஒப்பிட்டால், அழைக்கப்பட்டு எழுதும் வாய்ப்பு பெண்ணுக்கு 21 சதவீதம் குறைவு. இங்கே விண்ணப்பமும் இல்லை, பெயரை மறைத்துச் செய்யும் மதிப்பீடும் இல்லை. இதழாசிரியர் மனதில் முதலில் தோன்றும் பெயருக்கு மின்னஞ்சல் போகிறது.

மேற்கோளும் இந்த வகைதான். முன்னணி மருத்துவ இதழ்களின் 5,554 கட்டுரைகளைப் பார்த்த 2021-ஆம் ஆண்டு ஆய்வில், முதல் பெயரும் கடைசிப் பெயரும் பெண்களாக இருந்த கட்டுரைகளுக்குப் பிறரிடமிருந்து கிடைத்த மேற்கோள்களின் இடைநிலை எண்ணிக்கை 33. இரண்டும் ஆண்களாக இருந்தவற்றுக்கு 59.

கொரோனா இதையெல்லாம் சில மாதங்களுக்குள் சுருக்கிக் காட்டியது. பள்ளிகள் மூடின, வீட்டு வேலை பெருகியது, ஆய்விதழ்களோ முன்னெப்போதும் இல்லாத வேகத்தில் கட்டுரைகளைக் கேட்டன. தொற்றின் தொடக்க மாதங்களில் வந்த 1,893 கொரோனா மருத்துவக் கட்டுரைகளை, அதே இதழ்களில் 2019-இல் வந்தவற்றோடு ஒப்பிட்டபோது, முதல் பெயராகப் பெண்கள் இருந்த பங்கு 19 சதவீதம் குறைந்திருந்தது. மருத்துவமனை வார்டுகளில் அந்த மாதங்களில் நின்றவர்களில் பெரும்பகுதி பெண்கள் என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பெயர் வரிசை எப்படி ஒருவரை மறைக்கும் என்பதற்கு நம் ஊரிலேயே ஒரு வரலாறு இருக்கிறது. இந்தியாவில் எச்.ஐ.வி. கண்டுபிடிக்கப்பட்ட வரலாறு அது.

1985 கடைசியில் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பட்டமேற்படிப்பு படித்துக்கொண்டிருந்த செல்லப்பன் நிர்மலாவுக்கு வயது 32. ஆய்வேட்டுக்கு என்ன தலைப்பு எடுப்பது என்று தேடியபோது, எச்.ஐ.வி. தொற்று இங்கே இருக்கிறதா என்று பார்க்கும்படி யோசனை சொன்னவர் அவருடைய பேராசிரியர் சுனிதி சாலமன். அந்த நோய் வெளிநாட்டுக்காரர்களுக்கு வருவது, நமக்கு வராது என்று அதிகாரிகளும் பத்திரிகைகளும் நம்பிய காலம். பாலியல் தொழிலாளர்களின் இரத்த மாதிரிகள் வேண்டும். நிர்மலா அவர்களை அரசு பொது மருத்துவமனையில் தேடினார். அவர்கள் அடைத்துவைக்கப்பட்டிருந்த அரசுக் காப்பகத்துக்குப் போனார். பஸ் கட்டணத்தை மிச்சப்படுத்த அவருடைய கணவர் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டார். மூன்று மாதங்களில் எண்பது மாதிரிகள். கையுறை கிடையாது. பிரித்தெடுத்த சீரத்தை வைக்க வேறு இடமில்லாததால் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்தார்.

இரத்தத்தில் தொற்றைக் கண்டறியும் எலைசா பரிசோதனைக்குச் சென்னையில் வசதி இல்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் (சி.எம்.சி.) இருந்தது. 1986 பிப்ரவரியில் கணவனும் மனைவியும் மாதிரிகளை ஐஸ் பெட்டியில் அடுக்கி இரவு ரயிலில் காட்பாடிக்குப் போய், அங்கிருந்து ஆட்டோவில் மருத்துவமனைக்குப் போனார்கள். வைரஸியல் துறைத் தலைவர் ஜேக்கப் ஜான் உதவிக்கு இரண்டு இளம் ஆய்வாளர்களைக் கொடுத்தார். காலையில் சோதனை தொடங்கியது, நண்பகலில் மின்சாரம் போனது, எல்லோரும் தேநீர் குடிக்கப் போனார்கள். திரும்பி வந்து மூடியைத் திறந்தபோது ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறியிருந்தன, தொற்று இருப்பதற்கான அடையாளம் அது. மறுபடி இரத்தம் எடுக்கப்பட்டது, அமெரிக்காவுக்கு எடுத்துச் செல்லப்பட்டு உறுதிசெய்யப்பட்டது. அன்றைய தமிழக சுகாதார அமைச்சர் எச். வி. ஹண்டே சட்டமன்றத்தில் அறிவித்தார்.

ஆய்வுக் கட்டுரை 1987-இல் இந்திய மருத்துவ ஆய்விதழில் வெளிவந்தது. ஏழு பெயர்கள். முதல் மூன்று பெயர்கள் வேலூர் ஆய்வகத்தைச் சேர்ந்தவை. நிர்மலாவின் பெயர் நான்காவது. சுனிதி சாலமனின் பெயர் ஐந்தாவது. கடைசிப் பெயர் அமெரிக்க ஆய்வாளர் ஒருவருடையது.

வேலூர்க் குழுவின் பங்கு பெரிது; அந்த ஆய்வகம் இல்லாமல் இந்தக் கண்டுபிடிப்பு அன்று நடந்திருக்காது. இதில் எவர் மீதும் குற்றம் சாட்டுவது என் நோக்கம் இல்லை. கருவி எங்கே இருக்கிறதோ, வெளிநாட்டுத் தொடர்பு எங்கே இருக்கிறதோ, அங்கே வரிசையின் இரு முனைகளும் போய்விடும் என்பதே நான் சுட்டிக்காட்ட விரும்புவது. யோசனை ஒரு பெண்ணுடையது. களப்பணி இன்னொரு பெண்ணுடையது. இரண்டு பெயரும் வரிசையின் நடுவில். அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டும் ஒவ்வொருவரும் முதல் பெயரை எழுதிவிட்டு "மற்றும் பலர்" என்று முடித்துவிடுவார்கள். நிர்மலா 1987-இல் ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டு கிண்டி கிங் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார், 2010-இல் ஓய்வுபெற்றார். சுனிதி சாலமன் எச்.ஐ.வி. சிகிச்சையில் தொடர்ந்து பணியாற்றி உலகம் அறிந்தவரானார். நிர்மலாவின் பெயரோ, கண்டுபிடிப்பு நடந்து முப்பது ஆண்டுகள் கழித்து 2016-இல் பிபிசி அவரைத் தேடிவந்து எழுதிய பிறகுதான் பலருக்குத் தெரிந்தது. இரத்தம் கொடுத்த அந்தப் பெண்களிடம் எதற்கான சோதனை என்றுகூட அன்று சொல்லப்படவில்லை என்பதையும் இந்த இடத்தில் பதிவுசெய்ய வேண்டும்.

பாரிஸில் நடந்ததும் ஏறத்தாழ இதேதான். 1950-களின் இறுதியில் டிரூஸோ மருத்துவமனையில் திசு வளர்ப்பு ஆய்வகத்தைத் தனி ஆளாக அமைத்தவர் மார்த் கோத்தியே. தேவையான மனித சீரத்துக்காகத் தன் இரத்தத்தையே எடுத்துக்கொண்டவர். டவுன் நோய்க்குறி உள்ள குழந்தையின் செல்லில் வழக்கமான 46-க்குப் பதிலாக 47 குரோமோசோம்கள் இருப்பது அவர் தயாரித்த கண்ணாடித் தகடுகளில்தான் தெரிந்தது. புகைப்படம் எடுக்கத் தகடுகளை வாங்கிப்போன ஜெரோம் லெஜூனின் பெயர் 1959 கட்டுரையில் முதலில் வந்தது. கோத்தியேயின் பெயர் இரண்டாவதாக, அதுவும் எழுத்துப் பிழையோடு. 2014-இல் பிரான்சின் மருத்துவ ஆய்வு நிறுவனத்தின் நெறிமுறைக் குழு, அந்தக் கண்டுபிடிப்பில் லெஜூனின் பங்கு முதன்மையானதாக இருந்திருக்க வாய்ப்பு குறைவு என்று கூறியது. கோத்தியே அப்போது தொண்ணூறு வயதை நெருங்கிக்கொண்டிருந்தார்.

நிர்மலாவின் பெயரைத் தேடும்போது இன்னொரு சிக்கலும் கண்ணில் படும். 1987-ஆம் ஆண்டுக் கட்டுரை, மருத்துவக் கட்டுரைகளின் இணையப் பட்டியலான பப்மெட் தரவுத்தளத்தில் "நிர்மலா எஸ்", "சாலமன் எஸ்" என்றுதான் இருக்கிறது. 2002-க்கு முந்தைய கட்டுரைகளுக்கு அங்கே முதலெழுத்து மட்டுமே உண்டு. இதுவரை நான் சொன்ன ஆய்வுகளில் பல, முன்பெயரைக் கணினி நிரலில் கொடுத்து ஆணா பெண்ணா என்று ஊகிப்பவை. மேற்கத்தியப் பெயர்களுக்கு இது சரியாக வேலை செய்கிறது. தமிழ்ப் பெயரில் தந்தையின் முதலெழுத்தே முன்னால் நிற்கிறது, சொந்தப் பெயர் குடும்பப் பெயரின் கட்டத்தில் போய் உட்காருகிறது. கே. மலர்விழி என்று ஒருவர் எழுதினால், நிரல் "கே" என்ற எழுத்தைப் பார்த்து "தெரியவில்லை" என்று ஒதுக்கிவிடும். தமிழகத்து, ஈழத்துப் பெண் மருத்துவர்கள் இப்படி உலகக் கணக்குகளிலிருந்தே உதிர்ந்துபோகிறார்கள். அவர்களைப் பற்றிய கணக்கை இங்கேயே, பெயரை அறிந்தவர்கள்தான் எடுக்க முடியும்.

இனி இதழ்களின் தலைமைக்கு வருவோம். உலக மருத்துவத்தை வழிநடத்தும் நான்கு பொது இதழ்களின் வரலாறு எளிதில் சொல்லிவிடக்கூடியது. நியூ இங்கிலாந்து ஜர்னல் 1812-இல் தொடங்கியது. 1999-இல் மார்சியா ஏஞ்சல் இடைக்கால ஆசிரியரானபோதுதான் அதன் தலைமையில் முதல்முறையாக ஒரு பெண் அமர்ந்தார், ஓராண்டுக்குள் அந்த இடம் மறுபடி ஆணிடம் போனது. 1883-இல் தொடங்கிய, அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழான ஜாமாவுக்கு 2000-இல் கேத்தரின் டி ஆஞ்சலிஸ். 1840-இல் தொடங்கிய பிஎம்ஜேவுக்கு 2005-இல் ஃபியோனா காட்லி. 1823-இல் தாமஸ் வாக்லி தொடங்கிய லான்செட் 2023-இல் இருநூறு ஆண்டுகளை நிறைவு செய்தது. அந்த இருநூறு ஆண்டுகளில் ஒரு பெண்கூட அதன் தலைமை ஆசிரியராக இருந்ததில்லை. 2019 பிப்ரவரியில் மருத்துவத்திலும் அறிவியலிலும் பெண்களின் நிலை குறித்துத் தனிச் சிறப்பிதழ் வெளியிட்டது, அதே ஆண்டில் ஆண்கள் மட்டுமே அமரும் விவாத மேடைகளில் தன் ஆசிரியர்கள் பங்கேற்க மாட்டார்கள் என்று அறிவித்தது ஆகியவையும் லான்செட்டின் வரலாற்றில் உண்டு. அந்த முயற்சிகளை நான் மதிக்கிறேன். ஆனால் முதல் நாற்காலியின் வரலாறு அப்படியே இருக்கிறது.

பரந்த பார்வையிலும் நிலைமை இதுதான். 60 பெரிய மருத்துவ இதழ்களை ஆராய்ந்த 2011-ஆம் ஆண்டு ஆய்வில் ஆசிரியர் குழு உறுப்பினர்களில் பெண்கள் 17.5 சதவீதம், தலைமை ஆசிரியர்களில் 63 பேரில் 10 பேர். பத்து ஆண்டுகள் கழித்து 41 மருத்துவப் பிரிவுகளின் முன்னணி இதழ்களைப் பார்த்தபோது தலைமை ஆசிரியர்களில் பெண்கள் 21 சதவீதம். சில பிரிவுகளில் ஒருவர்கூட இல்லை.

காரணத்தைத் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. பல இதழ்களில் இந்தப் பதவிக்கு விளம்பரம் கிடையாது. சங்கத்தின் நிர்வாகிகளோ பதிப்பகமோ கூடி, தெரிந்தவர்களிடம் கேட்டு, ஒருவரைத் தேர்வுசெய்கிறார்கள். காலவரம்பு இல்லாத இதழ்களில் ஒருவரே பதினைந்து, இருபது ஆண்டுகள் இருந்துவிடுகிறார். மதிப்பீட்டாளராக இருந்தவர் ஆசிரியர் குழுவுக்கு, அங்கிருந்து துணை ஆசிரியராக, பிறகு தலைமைக்கு என்பது ஏணி. அதன் முதல் படியும் அழைப்பால் கிடைப்பதுதான்; அழைப்பு யாருக்குப் போகிறது என்பதை மேலே பார்த்தோம்.

தலைமையில் ஒரு பெண் அமர்ந்தால் எல்லாம் மாறிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். ஃபிலார்டோவின் கணக்கில் முதல் பெயர்களில் பெண்களின் பங்கு ஆறு இதழ்களிலேயே அதிகமாக இருந்தது பிஎம்ஜேயில்தான்; ஆனால் காட்லி ஆசிரியராக இருந்த பிந்தைய ஆண்டுகளில் அங்கேயும் அது இறங்குமுகமாகவே தெரிந்தது. ஒருவர் மாறுவதால் நடைமுறை தானாக மாறுவதில்லை.

இதனால் நோயாளிக்கு என்ன? மாரடைப்பைத் தடுக்க ஆஸ்பிரின் உதவுகிறது என்று உலகத்துக்குச் சொன்ன அமெரிக்க ஆய்வின் இறுதி முடிவு 1989-இல் வந்தது. அதில் பங்கேற்றவர்கள் 22,071 மருத்துவர்கள், அனைவரும் ஆண்கள். ஏறத்தாழ 40,000 பெண்களிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2005-இல் வந்தபோது படம் வேறாக இருந்தது: ஆஸ்பிரின் அவர்களிடம் பக்கவாதத்தைக் குறைத்தது, முதல் மாரடைப்பைக் குறிப்பிடத்தக்க அளவில் குறைக்கவில்லை. ஸோல்பிடெம் என்ற தூக்க மாத்திரை அமெரிக்காவில் 1992 முதல் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவில் கொடுக்கப்பட்டது. பெண்களின் உடலிலிருந்து அது மெதுவாகவே வெளியேறுகிறது, மறுநாள் காலையில் வண்டி ஓட்டும்போதுகூட மயக்கம் மிச்சமிருக்கலாம் என்று சொல்லி, பெண்களுக்கான அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகக் குறைக்க 2013 ஆகிவிட்டது. பதினைந்து லட்சத்துக்கும் மேற்பட்ட மருத்துவக் கட்டுரைகளை ஆராய்ந்த 2017-ஆம் ஆண்டு ஆய்வு, பெண்கள் முதல் பெயராகவோ கடைசிப் பெயராகவோ இருக்கும் கட்டுரைகளில் ஆண், பெண் வேறுபாட்டைத் தனியாகப் பகுத்துப் பார்ப்பது அதிகம் என்று கண்டது.

இந்த வாதத்தை நான் எச்சரிக்கையோடுதான் வைக்கிறேன். நோயாளிகளுக்கு நன்மை கிடைக்கிறது என்பதால்தான் பெண்களுக்கு இடம் தர வேண்டும் என்று ஆகிவிடக்கூடாது. ஆண் ஆய்வாளரிடம் யாரும் அப்படி ஒரு கூடுதல் பயனைக் கேட்பதில்லை. செய்த வேலைக்குப் பெயர் என்பது தனியாகவே நிற்கும் நியாயம்.

இந்தியாவில் மருத்துவக் கல்லூரி வகுப்பறைகளில் ஏறத்தாழ பாதிப்பேர் பெண்கள். ஜி. வி. சத்தியவதி, சென்னையில் காசநோய் ஆய்வில் வளர்ந்த சௌமியா சுவாமிநாதன் ஆகிய இருவரும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் தலைமை இயக்குநர்களாக இருந்திருக்கிறார்கள். ரோட்டா வைரஸ் ஆய்வுக்காக அறியப்பட்ட வேலூர் ககன்தீப் காங், இந்தியாவில் பணியாற்றும் பெண்களில் முதலாமவராக 2019-இல் லண்டன் ராயல் சொசைட்டிக்குத் தேர்வானார். இவர்களைக் காட்டி, பார்த்தீர்களா, தடையே இல்லை என்று சொல்வோர் உண்டு. இவர்கள் பெயரைச் சொல்ல விரல்கள் போதும் என்பதை அவர்கள் கவனிப்பதில்லை.

இங்கே ஆய்வின் அடித்தளம் பட்டமேற்படிப்பு ஆய்வேடு. ஒவ்வொரு எம்.டி., எம்.எஸ். மாணவரும் ஒன்று எழுதுகிறார். இரண்டு, மூன்று ஆண்டு வார்டு வேலைக்கு நடுவே தரவைச் சேகரித்து, தேர்வு முடிந்ததும் ஊருக்குப் போய்விடுகிறார். ஆய்வேடு கட்டுரையாக மாறுவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். அந்த வயதில்தான் பல பெண்களுக்குத் திருமணம், இடமாற்றம், பிரசவம். அவர் எட்ட இருக்கும்போது கட்டுரையை ஆய்வு வழிகாட்டியான கைடு எழுதி முடித்தால் வரிசையும் அவர் போட்டபடிதான். இதற்கு யாரும் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. பேசி வைக்காததே போதும்.

ஆகவே மாற்றத்தை இங்கிருந்து தொடங்கலாம் என்பது என் கருத்து. மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு, யாரைக் கட்டுரையாளராகச் சேர்க்கலாம் என்பதற்கு நான்கு நிபந்தனைகள் வைத்திருக்கிறது: ஆய்வில் கணிசமான பங்கு, எழுதுவதில் அல்லது திருத்துவதில் பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழுப் பொறுப்பேற்பு. யார் தகுதியானவர் என்பதை இது சொல்கிறது, வரிசையைச் சொல்வதில்லை. நெறிமுறைக் குழுவின் ஒப்புதலுக்கு ஆய்வுத் திட்டத்தைச் சமர்ப்பிக்கும்போதே, கட்டுரையில் முதல் பெயர் யாருடையது, கடைசிப் பெயர் யாருடையது, மாணவர் கல்லூரியை விட்டுப் போன பிறகு கட்டுரையை யார் முடிப்பது என்று ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிடலாம். ஆய்வின் போக்கில் பங்கு மாறினால் தாளையும் மாற்றலாம். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை. ஏற்கனவே நிரப்பும் படிவங்களோடு ஒரு பக்கம் கூடும்.

இதழ்கள் செய்ய வேண்டியதும் கடினமானதில்லை. கட்டுரை அனுப்பியவர்கள், மதிப்பீட்டுக்கு அழைக்கப்பட்டவர்கள், கருத்துரைக்கு அழைக்கப்பட்டவர்கள் ஆகிய மூன்று பட்டியல்களும் அவர்களின் கணினியிலேயே இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் பெண்கள் எத்தனை பேர் என்று ஆண்டுக்கு ஒருமுறை அச்சிடலாம். அதுவும் பெயரைப் பார்த்து ஊகிக்காமல், அவரவர் படிவத்தில் தெரிவித்தபடி. இதழாசிரியர் பதவிக்குத் திறந்த விளம்பரம் கொடுக்கலாம், ஐந்து ஆண்டு என்று காலவரம்பு வைக்கலாம். மருத்துவச் சங்கங்களின் நிர்வாகக் குழுக்கள் தங்கள் இதழுக்கு அடுத்த ஆசிரியரைத் தேடும் கூட்டத்தில், குறைந்தபட்சம் அந்த விளம்பரத்தையாவது நிகழ்ச்சி நிரலில் சேர்க்க வேண்டும் என்று உறுப்பினர்கள் எழுத்தில் கேட்கலாம்.